கிரேஸ் செய்மதியின் பாதையைச் சென்ரிமீற்றர் கணக்கில் கண்டுபிடிப்பது: முதல் தடவை முயல்பவர்களுக்கு

நில அளவை வேலைக்காக ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு நிலாவெளியிலிருந்து மூதூர் வரை பத்து ஆண்டுகளுக்கு மேல் அலைந்தவன் நான். அதே ஜிபிஎஸ் சைகைகளைக்கொண்டு, செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் ஒரு செய்மதியின் இடத்தையும் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் சொல்லலாம் என்று அறிந்தபோது, இது எனக்குப் பழகிய வேலைதானே என்று எண்ணித் துணிந்து இறங்கினேன். உவர்மலையில் உள்ள வீட்டில், ஒரு பழைய மடிக்கணனியில், இரவு வேளைகளில் மட்டும் செய்த அந்த வேலை ஏழு மாதம் இழுத்தது. கணிதத்துக்குச் செலவானது ஒரு மாதந்தான். மிச்ச ஆறு மாதமும் தவறான கோப்பு, தவறான நேரம், தவறான குறி ஆகியவற்றைத் தேடுவதில் கழிந்தது. அந்த ஆறு மாதத்தை நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும்.

1. செய்மதியையும் நாளையும் தெரிவு செய்யுங்கள்

முதல் முயற்சிக்கு, பூமியின் ஈர்ப்புப் புலத்தை அளக்கும் கிரேஸ்-எஃப்ஓ (GRACE-FO) இணையில் உள்ள "சி" செய்மதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22 இல் ஏவப்பட்ட இந்த இரண்டு செய்மதிகளும் ஏறத்தாழ 490 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 220 கிலோமீற்றர் அளவு இடைவெளியில் பறக்குமாறு அமைக்கப்பட்டவை. இவற்றைத் தெரிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் அளவீடு, விண்மீன் கமரா தரும் திசைத் தரவு, முடுக்கமானித் தரவு, உங்கள் விடையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அதிகாரபூர்வ சுற்றுப்பாதை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தரையிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் லேசர் தெறிப்பான் செய்மதியில் பொருத்தியிருப்பதால் கடைசியில் ஜிபிஎஸ் சாராத ஒரு சோதனையும் செய்யலாம். "டி" செய்மதியின் முடுக்கமானி ஏவிய சில வாரங்களிலேயே பழுதடைந்ததால் அதற்கு "சி" யின் அளவீட்டை இடமாற்றிப் பயன்படுத்துகிறார்கள். எனவே முதல் தடவை "டி" வேண்டாம்.

நாளைத் தெரிவு செய்யும்போது மூன்று நிபந்தனைகளைப் பாருங்கள். அந்த நாள் இன்றிலிருந்து குறைந்தது மூன்று வாரம் பழையதாக இருக்க வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் வரும். அது 27 நவம்பர் 2022 க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அன்றுதான், ஜிபிஎஸ் செய்மதிகளின் துல்லியமான பாதைகளை வெளியிடும் சர்வதேச அமைப்பான ஐஜிஎஸ் (IGS) தன் ஆள்கூற்றுச் சட்டகத்தையும் அன்ரனா அட்டவணையையும் கோப்புப் பெயரிடும் முறையையும் மாற்றியது, மாற்றத்துக்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் கலந்தால் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. மூன்றாவதாக, பொட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசெட் நிறுவனம் வெளியிடும், புவிக்காந்தக் குழப்பத்தின் அளவைச் சொல்லும் கேபி (Kp) சுட்டெண் அன்று முழுவதும் தாழ்வாக இருக்க வேண்டும். 2024 மே 10, 11 போன்ற காந்தப்புயல் நாளில் காற்றின் இழுவை வழமைக்கு மாறாகக் கூடிவிடும். பழகுவதற்கு அது ஏற்ற நாள் அல்ல.

2. கணக்குகளைத் திறந்து, ஆவணங்களைச் சேருங்கள்

நாசாவின் எர்த்டேட்டா கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். பெயரும் மின்னஞ்சலும் போதும். அடையாள அட்டையோ கட்டணமோ கேட்பதில்லை, பத்து நிமிட வேலை. கிரேஸ்-எஃப்ஓ தரவுக்கும், ஐஜிஎஸ் கோப்புகளைக் காப்பகப்படுத்தும் சிடிடிஐஎஸ் களஞ்சியத்துக்கும் இந்த ஒரே கணக்குத்தான். பெயர் இல்லாமல் நுழையும் பழைய எஃப்டிபி வழியைச் சிடிடிஐஎஸ் 2020 இல் மூடிவிட்டது. அதற்கு முந்திய வழிகாட்டிகளில் உள்ள கட்டளைகளை அப்படியே படி எடுத்தால் ஒன்றும் வராது.

இங்கேதான் நான் முதலில் விழுந்தேன். கணக்குத் திறந்து, கட்டளை எழுதி, இரவில் எழுபது கோப்புகளை இறக்கிவிட்டு, காலையில் விரித்தபோது, அவற்றில் ஒன்றுகூட அமுக்கிய கோப்பு அல்ல என்று கணனி சொன்னது. ஒரு கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது கடவுச்சொல் கேட்கும் நுழைவுப் பக்கம். எழுபது கோப்பும் அதே பக்கம், எழுபதும் ஒரே அளவு. கணக்கு வைத்திருந்தால் மட்டும் போதாது: சுயவிவரத்துக்குள் சென்று அந்தக் களஞ்சியத்தின் செயலிக்கு அனுமதி வழங்க வேண்டும், உங்கள் கணனியின் வீட்டுக் கோப்புறையில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்ட நெட்-ஆர்சி கோப்பை வைக்க வேண்டும், இறக்கும் கட்டளையில் குக்கீயைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கோப்பை மட்டும் இறக்கி, விரித்து, அதன் தலைப்பகுதியைக் கண்ணால் வாசித்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

இரண்டு ஆவணங்களை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கிரேஸ்-எஃப்ஓ முதல்நிலைத் தரவுக்கான பயனர் கையேடு. அதில் அச்சுகளின் திசை, நேர அடிப்படை, ஒவ்வொரு நிரலின் பொருள் ஆகியவை உள்ள பக்கங்கள் மட்டும் போதும். மற்றது, ஜிபிஎஸ் செய்மதிகளின் பாதை எழுதப்பட்டிருக்கும் எஸ்பி3 (SP3) கோப்பின் அமைப்பு விளக்கம். கைத்தொலைபேசித் திரையில் வாசித்தால் அடிக்குறிப்புகள் கண்ணில் படாமல் போய்விடும். என் பிழைகளில் பாதி அந்த அடிக்குறிப்புகளில்தான் இருந்தன.

3. செலவைக் கணக்குப் பாருங்கள்

தரவுக்கு ஒரு சதமும் இல்லை. மென்பொருளுக்கும் செலவில்லாமல் முடிக்கலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள குரூப்ஸ் என்பது திறந்த மூல மென்பொருள். தாழ்ந்த உயரச் செய்மதிகளின் பாதையை ஜிபிஎஸ் கொண்டு கணிக்கும் வழிமுறை அதன் கையேட்டிலேயே படிப்படியாக உள்ளது, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். நிரல் எழுத விரும்புபவருக்கு ஜாவா மொழியில் ஓரெக்கிட் நூலகம் இருக்கிறது. ஆர்டிகேலிப் நில அளவையாளர் எல்லோருக்கும் தெரிந்த கருவி என்றாலும், தரையில் நிற்கும் அல்லது தரையருகே ஓடும் ஜிபிஎஸ் வாங்கிக்காகச் செய்யப்பட்டது. அதை வளைத்து நெளித்து இந்த வேலைக்குப் பழக்க நான் செலவிட்ட ஐந்து வாரம் வீண். உரிமம் தேவைப்படும் மென்பொருள் ஒன்றுக்கும் விண்ணப்பித்தேன். நிறுவன முகவரி இல்லாத தனிநபர் என்பதாலோ என்னவோ, மூன்று மாதமாகியும் பதில் இல்லை. அதற்காகக் காத்திருந்து வேலையை நிறுத்தி வைக்காதீர்கள்.

உண்மையான செலவு இணையத் தரவும் மின்சாரமும். தேவைப்படும் நாளின் கோப்புகளை மட்டும் இறக்குங்கள்; ஒரு மாதத் தொகுப்பை அள்ளினால் கிகாபைட் கணக்கில் போகும். இரவுச் சலுகை உள்ள பொதி இருந்தால் இறக்குவதை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் மின் போய் வரும் எங்கள் ஊரில், நான்கு மணித்தியாலக் கணிப்பு மூன்றரை மணித்தியாலத்தில் அணைந்துபோன இரவுகள் எனக்குப் பல. இடைநிலை முடிவுகளைத் தனிக் கோப்பாக எழுதச் சொல்லி அமைப்பை மாற்றிய பிறகுதான் நிம்மதி வந்தது. எட்டு கிகாபைட் நினைவகம் உள்ள கணனி போதும்.

4. கோப்புகளை ஒரே மையத்திலிருந்து எடுங்கள்

ஜிபிஎஸ் செய்மதிகள் தாமே ஒலிபரப்பும் பாதைத் தகவலின் பிழை ஒரு மீற்றர் அளவு. சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் ஐஜிஎஸ் அமைப்பின் இறுதிக் கோப்புகள் தேவை; அவற்றின் பிழை இரண்டு மூன்று சென்ரிமீற்றர். இறுதிக் கோப்பு வெளிவர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம், விரைவுக் கோப்பு மறுநாளே வந்துவிடும். மூன்று வாரம் பழைய நாளை எடுக்கச் சொன்னது இதற்காகவே.

சேர்க்க வேண்டியவை இவை: ஜிபிஎஸ் செய்மதிகளின் பாதை, அவற்றின் மணிக்கூட்டுத் திருத்தம், சைகைப் பக்கச்சாய்வு (கருவிகளால் சைகையில் ஏறும் நிலையான பிழை), புவிச் சுழற்சிக் கூறுகள், அன்ரனா அட்டவணையான ஆன்டெக்ஸ் கோப்பு. கிரேஸ்-எஃப்ஓ பக்கத்திலிருந்து ஜிபிஎஸ்1பி (ஜிபிஎஸ் அளவீடு), எஸ்சிஏ1பி (விண்மீன் கமராவின் திசைத் தரவு), ஜிஎன்வி1பி (அதிகாரபூர்வ சுற்றுப்பாதை) என்ற மூன்று. பாதை, மணிக்கூடு, பக்கச்சாய்வு மூன்றையும் ஒரே பகுப்பாய்வு மையத்திலிருந்து எடுங்கள். ஒரு மையத்தின் பாதையும் இன்னொரு மையத்தின் மணிக்கூடும் தனித்தனியே சரியாக இருந்தாலும், சேர்த்தால் பொருந்தாது.

இரண்டு இடத்தில் கவனம். ஐஜிஎஸ் பாதைக் கோப்பு 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதம் 00:00 இல் தொடங்கி 23:45 இல் முடிகிறது. நாளின் கடைசிக் கால் மணித்தியாலத்துக்குப் புள்ளியே இல்லை, அதற்கு முன்னால் உள்ள நேரத்திலும் இடைச்செருகல் பலவீனமாகிவிடும். எனவே முந்திய நாளினதும் அடுத்த நாளினதும் கோப்புகளையும் இறக்கிச் சேர்த்துவிடுங்கள். மற்றது, மணிக்கூட்டுக் கோப்பு. கிரேஸ்-எஃப்ஓ அளவீடு 10 செக்கனுக்கு ஒன்று. ஐந்து நிமிட மணிக்கூட்டுக் கோப்பை வைத்து இடையில் நேர்கோடு இழுத்தால் விடையில் சென்ரிமீற்றர்கள் கரைந்துபோகும். 30 செக்கன் கோப்பு குறைந்தபட்சத் தேவை. பேர்ண் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கோட் மையம் 5 செக்கன் கோப்பும் தருகிறது.

5. நேரத்தைச் சரிபார்க்காமல் எதையும் ஓட்டாதீர்கள்

ஜிபிஎஸ் நேரம் மிகைச் செக்கன்களைச் சேர்ப்பதில்லை. 2017 தொடக்கத்திலிருந்து அது உலக நியம நேரத்தைவிட 18 செக்கன் முன்னால் நிற்கிறது. தரையில் அசையாத முக்காலியில் நிற்கும் கருவிக்கு இந்த வேறுபாடு வேறு விதமாகத் தெரியும். இங்கே 18 செக்கன் என்பது 137 கிலோமீற்றர். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்துக் குறைவு. ஒரு மில்லிசெக்கன் பிழைதான் ஆபத்தானது: அது பாதை நெடுகிலும் 7.6 மீற்றர் நகர்வாக, பார்ப்பதற்கு ஒழுங்கான விடைபோலவே வந்து நிற்கும்.

கிரேஸ்-எஃப்ஓ கோப்புகளில் நேரம் 2000 ஜனவரி 1 நண்பகல் 12:00 இலிருந்து செக்கன்களாக எண்ணப்படுகிறது. நள்ளிரவு என்று எடுத்து அரை நாள் தள்ளிப் போனவன் நான் மட்டும் அல்ல என்று நம்புகிறேன்.

சைகை ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வந்து சேர ஏறத்தாழ 0.07 செக்கன் எடுக்கிறது. அதற்குள் உங்கள் செய்மதி அரைக் கிலோமீற்றர் போய்விடும். ஆகவே ஜிபிஎஸ் செய்மதியின் இடத்தைச் சைகை புறப்பட்ட கணத்துக்கும், கிரேஸின் இடத்தைச் சைகை வந்து சேர்ந்த கணத்துக்கும் எடுக்க வேண்டும். குரூப்ஸ் இதைத் தானாகவே செய்யும். சொந்த நிரல் எழுதுபவர்தான் கவனிக்க வேண்டும்.

6. அன்ரனாவையும் திசையையும் கையால் வரைந்து பாருங்கள்

வேறெந்தப் படியையும்விட இதில் அதிக நேரம் செலவிடுங்கள்.

ஜிபிஎஸ் அளவீடு சொல்வது வாங்கியின் அன்ரனா இருக்கும் இடத்தை. விசைச் சமன்பாடுகள் சொல்வது செய்மதியின் திணிவு மையத்தை. கிரேஸில் இவை இரண்டுக்கும் இடையே, மேல்கீழ்த் திசையில், அரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். அன்ரனா செய்மதியின் மேற்பக்கத்தில், வானத்தை நோக்கி இருக்கிறது. ஆனால் செய்மதிச் சட்டகத்தின் இசெட் அச்சு பூமியை நோக்கிக் கீழே போகிறது. எனவே அன்ரனாவின் இசெட் ஆள்கூறு மறை எண். தரை வேலையில் அன்ரனா உயரம் என்றால் மேலே நேர் எண் என்று பழகிய என் கை, மறைக்குறியை ஒரு தட்டச்சுப் பிழை என்று எண்ணி அழித்துவிட்டது. அதன் பின் மூன்று வாரம் என் இயக்கவியல் சாராத பாதை (விசைகளைச் சேர்க்காமல் ஜிபிஎஸ் அளவீட்டை மட்டும் கொண்டு கணித்தது), அதிகாரபூர்வ பாதையிலிருந்து ஆரைத் திசையில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக, நாள் முழுவதும் ஒரே அளவில் விலகியே நின்றது. மணிக்கூட்டைச் சந்தேகித்தேன், சட்டகத்தைச் சந்தேகித்தேன், தரவிறக்கத்தையே மறுபடியும் செய்தேன். கடைசியில் ஒரு தீப்பெட்டியை எடுத்து, மேற்பக்கத்தில் பேனாவால் அன்ரனாவைப் புள்ளியிட்டு, மூன்று அச்சுகளையும் அம்புக்குறியாக வரைந்து மேசையில் வைத்தபோது ஐந்து நிமிடத்தில் பிழை தெரிந்தது. விலகல் மாறாமல் இருந்து, அதன் அளவு அன்ரனாத் தூரத்தின் இரட்டிப்பாகவும் இருந்தால் குறியைப் பாருங்கள். அந்தத் தீப்பெட்டி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

திசையைச் சொல்லும் குவாட்டர்னியனில் நான்கு எண்கள். எண்ணளவுக் கூறு முதலில் வருகிறதா கடைசியிலா, சுழற்சி நிலைமச் சட்டகத்திலிருந்து (பூமியோடு சேர்ந்து சுழலாத அச்சுகள்) செய்மதிக்கா அல்லது மறுபுறமா என்பது செய்மதித் திட்டத்துக்குத் திட்டம் மாறும். கையேட்டை நம்புங்கள், ஆனால் சோதித்தும் பாருங்கள்: ஒரு கணத்தின் குவாட்டர்னியனை எடுத்து இசெட் அச்சைச் சுழற்றினால், அது ஜிஎன்வி1பி தரும் அந்தக் கணத்து இடத்திலிருந்து பூமியின் மையத்தை நோக்கிச் சில பாகைக்குள் காட்ட வேண்டும். ஜிஎன்வி1பி பூமியோடு சேர்ந்து சுழலும் சட்டகத்தில் இருப்பதால், ஒப்பிடுவதற்கு முன் நிலைமச் சட்டகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சு எப்போதும் பறக்கும் திசையில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு செய்மதிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி பறப்பதால் முன்னால் போவது பின்னோக்கியே பறக்கிறது.

ஜிபிஎஸ் செய்மதிகளின் பக்கத்திலும் இதே கதைதான். அவற்றின் அன்ரனா மையம் திணிவு மையத்திலிருந்து ஒன்று இரண்டு மீற்றர் விலகியிருக்கும், அளவு செய்மதிக்குச் செய்மதி மாறும். பாதைக் கோப்பு எந்த ஆன்டெக்ஸ் அட்டவணையோடு தயாரிக்கப்பட்டதோ அதே அட்டவணையைப் பயன்படுத்துங்கள்.

7. தரை வேலைப் பழக்கங்களை அணைத்து வையுங்கள்

அடிவளிமண்டலத் தாமதம் இங்கே இல்லை. 490 கிலோமீற்றர் உயரத்தில் ஈரக் காற்று ஏது? அதை மதிப்பிடும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அது உங்கள் உயரத்தைத் தின்றுவிடும். நிலையத்தின் புவித்தள வற்றுப்பெருக்கு, கடற்சுமைத் திருத்தம் ஆகியவற்றையும் அணையுங்கள். அதே வற்றுப்பெருக்கு ஈர்ப்பு விசையில் ஏற்படுத்தும் மாற்றத்தை மட்டும் வைத்திருங்கள். இரண்டும் வேறு.

அயனமண்டலம் முழுவதாக ஒழிவதில்லை. அதன் அடர்ந்த அடுக்கு பெரும்பாலும் செய்மதிக்குக் கீழே போய்விட்டாலும் மேலே உள்ள மிச்சம் சென்ரிமீற்றர் வேலையைக் கெடுக்கப் போதும். 1575.42, 1227.60 மெகாஹேட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்து அதை நீக்குகிறோம். அதற்கு விலையாக அளவீட்டு இரைச்சல் மூன்று மடங்காகிறது. எங்கள் திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சூரியன் மறைந்த பின் இந்தப் பகுதி அயனமண்டலத்தில் எழும் ஒழுங்கின்மை, சைகையை நடுங்கச் செய்து பூட்டை அறுத்துவிடும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சுவார்ம் செய்மதிகளில் உள்ள ஜிபிஎஸ் வாங்கிகளுக்கு இந்தப் பிரதேசம் தொல்லை கொடுத்தது நன்கு அறியப்பட்ட விடயம். உங்கள் எச்சங்களை (அளவீட்டுக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை) உலக வரைபடத்தில் புள்ளியிட்டுப் பாருங்கள், காந்த நடுக்கோட்டை ஒட்டி ஒரு பட்டி தெரிந்தால் உங்கள் நிரலில் பிழை தேட வேண்டியதில்லை.

தரையில் ஒரு ஜிபிஎஸ் செய்மதியை மணிக்கணக்காகப் பார்க்கிறோம். இங்கே அரை மணித்தியாலம் அளவில் அது மறைந்துவிடும். ஒவ்வொரு தோற்றத்துக்கும், சைகையைச் சுமந்து வரும் காவியலையின் தெரியாத முழுவலை எண்ணிக்கை ஒன்று புதிதாகச் சேர்கிறது. ஆகவே துண்டு துண்டான அளவீடுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்துக்குக் குறைந்த துண்டுகளைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

8. மூன்று சுற்றாகக் கணியுங்கள்

முதற் சுற்றில் குறியீட்டு அளவீட்டை (சைகையில் உள்ள குறியீட்டைக்கொண்டு அளந்த தூரத்தை) மட்டும் கொண்டு ஒவ்வொரு கணத்துக்கும் இடம் காணுங்கள். அதிகாரபூர்வ பாதையிலிருந்து சில மீற்றர் வித்தியாசம் வந்தால் சரி. கிலோமீற்றர் வந்தால் நேரம், நூற்றுக்கணக்கான மீற்றர் வந்தால் சைகைப் பயண நேரம் அல்லது சட்டகச் சுழற்சி.

இரண்டாம் சுற்றில் காவியலையின் அவத்தையைச் சேருங்கள். வித்தியாசம் சில சென்ரிமீற்றருக்கு இறங்க வேண்டும். இறங்காமல் டெசிமீற்றரில் நின்றால், அவத்தை வழுக்கல் (முழுவலை எண்ணிக்கை இடையில் தாவுவது) கண்டுபிடிக்கும் எல்லைகள் தரைக்குரிய மதிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அன்ரனாச் சுழற்சியால் அவத்தையில் வரும் திருத்தம் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் சுற்றில் விசைகள் வருகின்றன: 120 ஆம் படி (degree) வரை விரித்த ஈர்ப்புப் புலம், கடல் வற்றுப்பெருக்கு, சூரிய சந்திர ஈர்ப்பு, காற்றிழுவை, சூரிய ஒளியழுத்தம். ஈர்ப்புப் புல மாதிரிகள் ஜிஎஃப்இசெட் பராமரிக்கும் ஐசிஜெம் தளத்தில் இலவசம். மாதிரி எவ்வளவு நல்லதாயினும் காற்றிழுவை முழுமையாகப் பிடிபடாது என்பதால், ஆறு நிமிடத்துக்கு ஒரு சிறு முடுக்கம் வீதம் மூன்று திசைகளிலும் மதிப்பிட விடுகிறோம். அந்த முடுக்கங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது என்பதுதான் இதில் உள்ள கைப்பக்குவம். அதிகம் கொடுத்தால் பாதை அளவீட்டு இரைச்சலின் பின்னால் அலையும், குறைத்தால் மாதிரியின் பிழை பாதையில் ஏறிவிடும். ஐந்து வெவ்வேறு மதிப்பை வைத்து ஓட்டி, ஒப்பீட்டு வித்தியாசத்தை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். என் கணனியில் ஒரு ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது.

9. விடையைச் சோதியுங்கள்

ஜிஎன்வி1பி பாதையோடு ஒப்பிடும்போது வித்தியாசத்தை ஆரை, பாதை நெடுக, பாதைக்குக் குறுக்கு என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குள் வந்துவிட்டீர்கள் என்றால் வேலை கைவந்துவிட்டது. ஆனால் ஜிஎன்வி1பி யும் அதே ஜிபிஎஸ் அளவீட்டிலிருந்து பிறந்தது. இருவருக்கும் பொதுவான பிழை ஒப்பீட்டில் தெரியாது.

அதற்குத்தான் லேசர். சிடிடிஐஎஸ் களஞ்சியத்திலோ மியூனிக்கில் உள்ள ஐரோப்பியத் தரவு மையத்திலோ, ஒஸ்ரேலியாவின் யாரகடி, ஆஸ்திரியாவின் கிராஸ் போன்ற லேசர் நிலையங்கள் அந்த நாளில் கிரேஸ்-எஃப்ஓ "சி" க்கு அளந்த தூரங்களை எடுத்து, உங்கள் பாதையிலிருந்து கணித்த தூரத்தோடு கழித்துப் பாருங்கள். லேசர் தூரத்துக்கு அடிவளிமண்டலத் திருத்தம் வேண்டும். ஏழாம் படியில் அணைத்ததை இங்கே திறக்க வேண்டும். நிலையம் தரையில் இருப்பதால் அதற்குரிய வற்றுப்பெருக்கும் வேண்டும். ஒரே நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே கிடைக்கலாம், மழைமேகம் இருந்த நிலையங்கள் அளந்திருக்காது. ஆகவே ஒரு வாரத்துக்குப் பாதை கணித்த பிறகே இதில் இறங்குங்கள். லேசர் தெறிப்பான் செய்மதியின் அடிப்பக்கத்தில், பூமியைப் பார்த்து இருக்கிறது. தீப்பெட்டியின் கீழ்ப்பக்கத்திலும் ஒரு புள்ளி இட்டுக்கொள்ளுங்கள். அதன் இசெட் ஆள்கூறு நேர் எண்.